இருப்பு எண்ணப் போனவன்

தனசேகரன் முன்னால் மூன்றாவது டம்ளர் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"குடிங்க தம்பி, ஆறிடப் போவுது," என்றார் கடை முதலாளி மருதப்பன்.

"வேணாங்க. வயிறு சரியில்ல."

சொன்ன மறுகணமே அது தப்பான பதில் என்று புரிந்துவிட்டது. மருதப்பன் மாடிப்படியைப் பார்த்து, "ரத்தினம், தம்பிக்கு வயிறு சரியில்லையாம்!" என்று குரல் கொடுத்தார். கடைக்கு மேலேதான் வீடு. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ரத்தினம்மா ஓமத் தண்ணீரோடு இறங்கி வந்தாள். இப்போது மறுக்க வேண்டியவை இரண்டாகிவிட்டன.

தனசேகரனுக்குக் காப்பியோடு எந்தப் பகையும் இல்லை. குடித்தால் வேலை போய்விடும், அவ்வளவுதான். சரியாகச் சொன்னால், இன்னும் கிடைக்காத வேலை போய்விடும்.

பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கூடப் படித்தவர்கள் டை கட்டிக்கொண்டு ராபிள்ஸ் பிளேஸ் ஆபீஸ்களில் நடமாட, இவன் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அக்கா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் மேகத்தையும் பார்த்தார், இவனையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த வேலையும் கை நழுவினால் அந்த ஜன்னலும் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும்.

போட்ட மனுக்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. ஓர் ஆடிட் கம்பெனியின் சீனியர் பரமசிவம் நேற்று கூப்பிட்டுப் பேசினார். கணக்கைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். பூர்வீகம் எது, சிகரெட் உண்டா, கோபம் வருமா என்று மற்றதெல்லாம் அவனைப் பற்றி. பிறந்த தேதியோடு பிறந்த நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆடிட்டர் என்றால் இப்படியல்லவா துல்லியம் வேண்டும் என்று தனசேகரன் மெய்சிலிர்த்துப் போனான்.

"நாளைக்கு தேக்காவுல மருதப்பன் கடைக்குப் போய், சரக்கு மூட்டைகளை எண்ணிட்டு வாங்க," என்றார் பரமசிவம். "நீங்க ரெடியா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அங்க பச்சத் தண்ணிகூட வாயில வைக்கக் கூடாது. கை நனைச்சிட்டா அப்புறம் நமக்கு வேணாம்னு சொல்ற உரிமையே போயிடும்."

அதனால்தான் இந்தப் பாடு.

"ஓமத் தண்ணியும் வேணாங்கம்மா," என்றான் தனசேகரன். "உண்மையைச் சொல்லிடறேன். இன்னிக்கு விரதம்."

"அட, அத முதல்லயே சொல்லக் கூடாதா!" ரத்தினம்மா முகம் மலர்ந்து மேலே ஓடினாள். திரும்பி வந்தபோது தட்டில் பாலும் பழமும் விபூதியும் இருந்தன. ஓரத்தில் வாழை இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல். "காளியம்மன் கோயில் பிரசாதம். இதை வேணாங்கக் கூடாது."

தனசேகரன் விபூதியை மட்டும் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான். ரத்தினம்மாவின் கண் கலங்கிவிட்டது. மருதப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மேல ஏதாச்சும் குறையா தம்பி? நேரா சொல்லிடுங்க லா."

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. முழுசாப் பாக்கணும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில்தான் தனசேகரனுக்குப் பொறி தட்டியது. மூட்டை எண்ண வந்த ஒருவனுக்கு இத்தனை உபசாரம் எதற்கு? சரக்கில் ஏதோ குறைகிறது! காப்பி, ஓமம், கடைசியில் அம்மனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மறைக்கப் பார்க்கிறார்கள். நல்ல ஆடிட்டரிடமா இந்த வேலை என்று அவன் நிமிர்ந்து நின்றான்.

பின்கட்டில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, பறக்கும் தூசியைப் பொன்னாக்கிக்கொண்டிருந்தது. அவன் எண்ண ஆரம்பித்தான். ஏலக்காய் வாசனை தலைக்கு ஏறியது. மோசடியைக் கண்டுபிடித்துவிட்டது போலவும், பேப்பரில் படம் வந்தது போலவும், அத்தான் அதை வெட்டிச் சுவரில் ஒட்டுவது போலவும் ஒரு காட்சி ஓடியது. பசை காய்வதற்குள் எண்ணிக்கை மறந்துபோனது. முதலிலிருந்து எண்ணினான். இந்த முறை அத்தான் கைதட்டினார். மறுபடி முதலிலிருந்து.

மழை பிடித்துக்கொண்டது. வெயிலும் விலகவில்லை. கண்ணாடியில் நீர் வழிய, மூட்டைகள் மீது வெளிச்சம் அலையாடி, கடையே மெல்ல மிதந்து சிராங்கூன் ரோட்டில் போவதுபோல் இருந்தது.

"அந்த மூட்டைய மூணு தடவ எண்ணிட்டீங்க," என்றது ஒரு குரல்.

திரும்பினான். சாதாரண நூல் சேலை கட்டிய ஒரு பெண். கையில் காப்பி டம்ளர்.

"நீங்க?"

"இவங்க பொண்ணு. தங்கம். ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். அம்மா கொடுத்துவிட்டாங்க."

இதோ, கடைசி ஆயுதத்தை இறக்கிவிட்டார்கள் என்று தனசேகரனுக்குள் இருந்த ஆடிட்டர் எச்சரித்தான். தனசேகரனின் காதில் விழவில்லை. அவள் கூந்தலில் இரண்டு மழைத்துளிகள் இருந்தன. அவற்றை மட்டும் அவன் பிழையில்லாமல் எண்ணினான்.

"மொத்தம் எத்தனை மூட்டை வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது."

தங்கம் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குடிக்கலேன்னா பரவாயில்ல. நான் எடுத்துட்டுப் போயிடறேன்," என்றாள். ததும்பத் ததும்ப இருக்கும் டம்ளரைத் திருப்பி எடுத்துப் போய்ப் பழகியவளைப் போல, கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"குடுங்க," என்றான்.

குடித்தான். இஞ்சி தட்டிப் போட்ட காப்பி. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான். கண்ணைத் திறந்தபோது தங்கம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ கீழே விழுந்து உருண்டது. ரத்தினம்மாவின் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. மருதப்பன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஆடிட்டரை விலைக்கு வாங்கிவிட்டார்கள். எத்தனை சந்தோஷம் பார், என்று தனசேகரன் நொந்துபோனான்.

மழையில் பஸ் ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் நகரம் கரைந்து கரைந்து போனது. வேலை போய்விட்டது என்று நினைத்தபோது அழுகை வந்தது. நாக்கில் இஞ்சி இருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினான்.

ஆபீஸில் பரமசிவம் மேஜைக்குப் பின்னால் காத்திருந்தார்.

"சார், நான் லஞ்சம் வாங்கிட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர் கோப்பி."

பரமசிவம் மெல்ல எழுந்தார். "முழுசாவா?"

"அடியில இருந்த சர்க்கரையோட, சார்."

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல சார். நானாத்தான் வாங்கிக் குடிச்சேன். மூட்டையும் ஒழுங்கா எண்ணல. மன்னிச்சிடுங்க."

பரமசிவம் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "நீங்க ஆடிட்டருக்கு லாயக்கே இல்ல!" என்று தழுதழுத்தவர், டெலிபோன் இருந்த அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தனசேகரன் வாசல் படியில் போய் உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. எதிர்க் கட்டடத்துக்கு மேல் ஒரு மேகம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல் அதைப் பார்த்தான். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

ஆபீஸ் பியூன் நெய்னா முகம்மது வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

"வேலை போச்சு பாய்."

"வேலையா? இங்க ஏது தம்பி வேலை, போன வருசமே ஆள் எடுத்து முடிச்சாச்சு. அந்தக் கடை எங்க ஐயாவோட மாமனார் கடை, மச்சினிச்சிக்குன்னு அவரு அனுப்பி வச்ச அஞ்சாவது மாப்பிள்ளை நீங்க, முன்னாடி போன நாலு பேரும் ரொம்ப நேர்மையானவங்களாப் போயிட்டாங்க."