ஆபீசர் துறை

புதுசாகக் கல்யாணம் ஆன ஆம்பிளைக்கு ஆடி மாசத்தில் புத்தி வேலை செய்யாது. யாராவது மறுத்துப் பேசினால், அவர் ஆடியில் புது மாப்பிள்ளையாக இருந்ததில்லை, அல்லது மாமியார் வீடு அடுத்த தெருவில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். என் மாமியார் வீடு ஏரிக்கு அந்தாண்ட இருந்தது. அதனால் வந்த வினைதான் இது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் தலைகாட்டிய நேரம். ஆணியும் கம்பியும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். கவரைப்பேட்டையில் வாடகை வீடு. வைகாசியில் கல்யாணம். பெண் கஸ்தூரி, பழவேற்காடு ஏரியைத் தாண்டி, தீவு மாதிரி இருக்கிற ஒரு குப்பத்தில் பிறந்தவள். நாங்களும் மீன்பிடிக்கிற சனம்தான். ஆனால் என் நைனா சின்ன வயசிலேயே கரையேறி, பொன்னேரியில் வலைநூல் கடை போட்டுவிட்டார். அதனால் பரம்பரை மீன்காரனான எனக்கு, மீனோடு பழக்கமெல்லாம் அது குழம்புக்கு வந்த பிறகுதான். (படகில் ஏறினால் வாந்தி வேறு வரும். இதைப் பெண் பார்க்கப் போனபோது மறைத்துவிட்டோம்.)

ஆடி பிறந்ததும் மாமியார் வீட்டில் அழைத்தார்கள். வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள், வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள், கஸ்தூரியை வைத்துக்கொண்டு என்னை மட்டும் படகேற்றிவிட்டார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்று பெரியவர்கள் கணக்கு.

"மாப்ள, ஆவணி பொறக்கற வரைக்கும் இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்காதீங்க" என்றார் மாமியார், சிரித்துக்கொண்டே. அவருக்கென்ன, சிரிப்பார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், மாடத்தில் அவள் மறந்துவிட்டுப் போன சீப்பு. அதில் ஒரு நீள முடி. எத்தனை தடவை அந்தச் சீப்பை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ரெண்டு இஞ்ச் ஆணி கேட்டவனுக்கு நாலு இஞ்ச் ஆணியைக் கொடுத்து அனுப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் அழுதேவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். பேசக்கூட வேண்டாம்.

ஆனால் அந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒரே துறை, பெரிய துறை. பயணப் படகு வந்து நிற்பது அங்கேதான். எதிரே டீக்கடை. டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை என் மாமனார். ஊரில் பெரியதனம் அவருக்கு. எனவே வேறு துறை வேண்டும். யார் வேண்டுமானாலும் இறங்கலாம், ஆனால் யாரும் இறங்கக் கூடாது, அப்படி ஒரு துறை.

என்னோடு வேலை செய்த ஃபிட்டர் தனபாலிடம் சொன்னேன். "த்தூ, இதுக்கா இப்டி காஞ்சிக்கினு கீறே? என் மச்சான் படகு கீது. வா, ஞாயித்துக்கெழம போயி எடம் பாக்கலாம்" என்றான்.

பழவேற்காட்டுக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம், தீவில் எங்கெங்கே படகு ஒதுங்கலாம் என்று கேட்டேன்.

"யாரு ஊட்டுக்குப் போவணும்?"

"ஊட்டுக்கு இல்ல... சும்மா, துறை எங்க கீதுன்னு..."

"சும்மாவா? இன்னாத்துக்கு?"

தனபால் குறுக்கே பாய்ந்தான். "சார் கவர்மென்ட்டு ஆளு. ஜனங்களுக்குப் பொதுவா படகுத்துறை கட்டப் போறாங்க. எடம் பாக்க வந்துகீறாரு."

அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தேன். ஆபீசர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு.

அவர் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "சவுக்குத் தோப்பாண்ட ஒரு எடம் கீது சார். சேறு ஜாஸ்தி, அதனால யாரும் எறங்கறதில்ல. அங்க கட்டுனா புண்ணியமாப் போவும். எப்ப சார் வருவீங்க?"

"அடுத்த ஞாயிறு" என்றேன் கம்பீரமாக. 'யாரும் எறங்கறதில்ல' என்பது மட்டும் என் காதில் தேனாகப் பாய்ந்தது. சேறு என்பது பாயவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கிளம்பினோம். புது டெரிலின் சட்டை, கையில் கம்பெனிக் குடை, தோளில் தொங்கிய பையில் அரைக் கிலோ ஜாங்கிரி, நாலு முழம் மல்லிகை. ஆடிக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். அப்பவும் மனசுக்குள் அவள் முகம்தான்.

சவுக்குத் தோப்பு தெரிந்தது. கரையில் ஒரே கூட்டம். மேளம் வேறு.

"அம்மனுக்குக் கூழு ஊத்தறாங்க போல" என்றான் தனபால்.

"நல்லதாப் போச்சு, கூட்டத்தோட கூட்டமாப் பூந்துடலாம்" என்றேன் நான். என் மூளையைப் பாருங்கள்!

இன்னும் கிட்டே போனதும்தான் தெரிந்தது. கரையில் இருந்த முள்ளையெல்லாம் வெட்டி, படகு ஒதுங்க வழி பண்ணி வைத்திருந்தார்கள். முன்வரிசையில், கையில் சாமந்தி மாலையோடு, இடம் பார்க்க வருகிற ஆபீசரை வரவேற்க நின்றுகொண்டிருந்தார் என் மாமனார்.

"திருப்புடா! படகத் திருப்புடா!"

"காத்து தள்ளுதுய்யா, பேஜாரு பண்ணாத, குந்து!" என்றான் தனபால்.

நான் குந்தவில்லை. முகத்தை மறைக்கக் குடையை விரித்தேன். காற்று குடையைப் பிடித்து இழுத்தது. குடையை விடக் கூடாது என்று நானும் பிடித்தேன். (கம்பெனிச் சொத்தாயிற்றே.) அடுத்த நிமிஷம் முகமெல்லாம் சேறாக, இடுப்புவரை நட்டு வைத்த மாதிரி நின்றேன்.

"அய்யய்யோ, ஆபீசரு உயுந்துட்டாரு!"

நாலு பேர் பலகை போட்டு என்னை இழுத்தார்கள். செருப்பு ரெண்டும் போனது, பேன்ட் பாதி போனது. மாமனார் ஓடிவந்து தன் தோளில் இருந்த துண்டாலேயே என் முகத்தைத் துடைத்தார். முதலில் நெற்றி. அப்புறம் மூக்கு. மீசை வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"அடச்சீ! நம்ம மாப்ள!"

மேளம் நின்றது. அந்த அமைதியில் ஒரு கிழவர் மட்டும், "அப்ப துறை எப்ப சார் கட்டுவீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எனக்கு மானம் போனதுகூடப் பெரிசில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். குஞ்சு குளுவானிலிருந்து கைத்தடி ஊன்றியவர்கள்வரை அத்தனை பேரும் வந்திருந்தார்கள். என் கஸ்தூரி மட்டும் இல்லை. "அத்தே, கஸ்தூரி எங்க?" என்று கேட்டேவிட்டேன். விசில் பறந்தது. மாமியார் ஜாங்கிரியையும் சேறு பூசிய பூவையும் வாங்கிக்கொண்டு, "இங்கதான் எங்கனா இருப்பா. ஆவணில பாத்துக்கலாம், கெளம்புங்க" என்று அதே படகில் என்னை ஏற்றிவிட்டார்.

திரும்பும்போது தனபால் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஊரே வந்தது, ஒரு எட்டு இவள் வரவில்லையே. அவ்வளவுதானா நான்? சேறு காய்ந்து உடம்பெல்லாம் இழுத்தது. மனசு அதைவிட மோசமாக இருந்தது.

ஆவணியில் வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஊரே வந்துச்சி, நீ வரலியே" என்றேன்.

"நான் எப்டிய்யா அங்க வருவேன்? தெனமும் பயணப் படகு வர்ற நேரத்துக்குக் காய்கறி வாங்கற சாக்குல பெரிய துறைலதான் நிப்பேன், நீ வருவியான்னு. அன்னிக்கி எல்லாரும் ஆபீசரப் பாக்க ஓடிட்டாங்க. எங்கப்பாகூட டீக்கடைல இல்ல. எனக்கு ஆபீசரு எதுக்கு? நான் ஒண்டியா உன் வழியப் பாத்துக்கினு நின்னேன்."

டீக்கடை காலி. மாமனார் இல்லை. அவள் தனியாக. நான் பேசாமல் பயணப் படகில் ஏறி நேராகப் போயிருந்தால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முள்ளை வெட்டிய இடத்தில் சனங்கள் மண் கொட்டி மேடாக்கி, படகு விட ஆரம்பித்துவிட்டார்கள். 'ஆபீசர் துறை' என்று பெயரும் நின்றுவிட்டது. எந்த ஆபீசர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், என்னைக் கைகாட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சுற்றி வளைத்துப் பேசினால், "இன்னா, ஆபீசர் துறைல எறங்கறியா?" என்பார்கள். மருமகள்கள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மாமனார் வீட்டுக்கு ஆபீசர் துறைதான் கிட்டே. ஆனால் கஸ்தூரி அங்கே இறங்கமாட்டாள். பெரிய துறைக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலில் அவள் இறங்கி, காய்கறிக் கூடை வைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றுகொள்வாள். அதற்கப்புறம்தான் நான் இறங்கலாம். "போப்பா, அம்மா நின்னுக்கினே கீறாங்க பாரு" என்று பிள்ளைகள் முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள். படகே சிரிக்கும். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு இறங்கி நடந்து அவளுக்கு எதிரே போய் நிற்பேன்.

"வந்துட்டியா?" என்பாள்.