நிலப்பிரபுவின் ஜன்னல்

நிலப்பிரபுவுக்கு ஒரு பென்னிகூடக் கொடுப்பதில்லை என்று காலைத் தேநீரின்போது பிரகடனம் செய்தேன். கப்பல்துறை வேலைநிறுத்தங்களில் என் பேச்சைக் கேட்டு ஆயிரம் பேர் தொப்பியை வானத்தில் எறிந்ததுண்டு. என் மனைவி பெரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

லண்டனில், கேட்ஃபர்டில், நான்கு வீடுகளாகப் பிரித்த பழைய கட்டடத்தில் முதல் மாடி எங்களுடையது. விலை கொடுத்து வாங்கியதுதான், ஆனால் எங்களுடையது என்றால் நீண்ட காலக் குத்தகை முடியும்வரை. நிலமும் கட்டடமும் க்ராய்டனில் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். குத்தகையில் மிச்சம் எண்பது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு எகிறிவிடும். நீட்டிக்காமலே விட்டால் வீடு வருஷத்துக்கு வருஷம் மதிப்பிழந்து, கடைசியில் கம்பெனியிடமே போய்ச் சேரும்.

"நமக்கப்புறம் ஹேஸலுக்கு இது ஒண்ணுதான் இருக்கு, வில்ஃப்," என்றாள் பெரில். ஹேஸல் எங்கள் மகள். லீட்ஸில் வாடகை அறையில் இருக்கிறாள்.

"நிலத்தை யாரு செஞ்சது? கம்பெனியா செஞ்சுது?"

"யாரும் செய்யல. முதல்ல நீட்டிச்சிடுவோம். அப்புறம் அதைப் பத்திப் பேசுவோம்."

"நீட்டிக்கிறதுன்னா என்ன தெரியுமா? கொள்ளைக்காரன்கிட்ட போய், ஐயா இன்னும் கொஞ்ச காலம் கொள்ளையடிங்கன்னு காசு கொடுத்துக் கேக்கறது."

"டீ ஆறிப்போகுது."

அவளுக்குப் புரியாது. கப்பல்துறையை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது காப்பிக் கடைகள். சங்கத்தை இன்னொரு சங்கம் விழுங்கிவிட்டது. தோழர்களை நான் இப்போது சந்திப்பது தகன மண்டபத்தில்தான், அவர்கள் பேசுவதில்லை. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே எதிரி அந்தக் கம்பெனி. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலில் நான் நிறுத்திவைத்த 'நிலப்பிரபுத்துவம் ஒழிக' தட்டி பல வருஷமாக அங்கேயே இருந்தது. ஜன்னலில் தட்டி வைக்கக் கூடாதென்று குத்தகையில் நிபந்தனை உண்டு. கம்பெனி ஒரு நாளும் கேட்டதில்லை. பயம்.

போராட்டத் திட்டம் தயாரானது. முன்னறையில் கூட்டம் போட்டேன். பியானோ வாத்தியார் ட்விக், நர்ஸ் பொட்டெங், நாய் வளர்க்கும் விதவை லம்லி என்று மற்ற மூன்று வீட்டாரும் வந்தார்கள். ஒருவரும் நீட்டிக்க வேண்டாம், சேர்ந்து மறுப்போம், கம்பெனி தானாகக் காலில் விழும் என்று முழங்கினேன். ரொம்ப சுவாரசியமாக இருந்தது என்றார் ட்விக். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பிறகு, எங்கள் ஊர் வழக்கப்படி, கோப்பை கழுவ உதவுகிறோம் என்று எல்லோரும் பெரிலோடு சமையலறைக்குப் போனார்கள். தலைவர் கோப்பை கழுவுவதில்லை. நான் உட்கார்ந்து தீர்மானம் எழுதினேன். ஐந்து கோப்பைகளைக் கழுவ இவ்வளவு நேரமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இன்னொரு தட்டியோடு க்ராய்டனில் கம்பெனி வாசலில் தனியாக நின்றேன். எப்போதும் மழை. பெரில் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். பிளாஸ்க்கில் சூப் ஊற்றிக் கொடுத்தாள். "கழுத்தை மூடிக்க. அவசரப்படாம வா," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவளும் இயக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று பேருந்தில் எனக்குக் கண் கலங்கியது.

மாதங்கள் போயின. ஒருநாள் உள்ளேயிருந்து ஓர் ஆள் குடையோடு வந்தார்.

"மிஸ்டர் டாப்செல், இனிமே நீங்க இங்க நிக்க வேண்டியதில்ல. உங்க கட்டடத்தை நாங்க வித்தாச்சு."

"யாருக்கு?"

"அங்க குடியிருக்கிறவங்களுக்கேதான். பாதிப் பேர் சேர்ந்து கேட்டாலே சட்டப்படி கொடுத்தாகணும். நாலு வீட்டுக்காரங்களும் கேட்டாங்க."

"நான் கேக்கலையே."

"வீடு உங்க மனைவி பேர்லதானே இருக்கு?"

இருக்கிறது. தனிச்சொத்துக்குக் கையெழுத்துப் போடுகிற கை இதுவல்ல என்று, வாங்கிய அன்றே மறுத்துவிட்டேன். கட்சிக் கிளையில் அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது பெரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்கு ஒரு பென்னி கொடுக்க மாட்டேன்னு சொன்னே," என்றாள். "நீ கொடுக்கல. எங்க சித்தி வச்சிட்டுப் போனதைக் கொடுத்தேன்."

"குத்தகை?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம். நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கிட்டோம். ஹேஸலுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அழுதுட்டா."

"அப்ப இப்போ நிலப்பிரபு யாரு?"

"நாங்க நாலு பேரும். நான் தலைவர்." அடுத்த முறை பால் வாங்குவது யார் என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

நான் முன்னறைக்குப் போனேன். ஜன்னல் வெறுமையாக இருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது. எதிர்வீடு தெரிந்தது, இத்தனை வருஷத்தில் நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

"பழைய நிபந்தனையில ஒண்ணை மட்டும் வச்சிக்கிட்டோம்," என்றது சமையலறைக் குரல். "ஜன்னல்ல தட்டி கூடாது. யாருமே எதிர்க்கல."

"நான் எதிர்க்கிறேன்."

"எழுதிக் கொடு, கண்ணு. வியாழக்கிழமை கூட்டத்துல எடுத்துக்கறோம்."

எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது என்றார் ட்விக்.

கூட்டம் முடிந்ததும் கோப்பைகளை நான் கழுவினேன். உதவிக்கு ஒருவரும் உள்ளே வரவில்லை.