ஆட்சேபணை அண்ணாச்சியும் நான்கு மாடி விடுதியும்

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற பஜாரில் ஒரு செங்கல்லை எடுத்து இன்னொரு செங்கல்மேல் வைத்தால் போதும், மறுநாளே அதை எதிர்த்து ஒரு மனு போய்விடும். போடுகிறவர் ஆட்சேபணை அண்ணாச்சி. அவருக்குச் சொந்தப் பெயரும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் பஜாரில் யாரும் வழி காட்டமாட்டார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கயிறும் வாளியும் விற்றவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. அதனால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் வருவார்.

வேகத்தடையை எதிர்த்து மனு போட்டு எடுக்கவைத்தார். எடுத்ததும் ஆட்டோக்கள் பறக்கின்றன என்று அடுத்த மனு. செல்போன் கோபுரத்தை விரட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து, "சிக்னலே இல்ல பிள்ள, அதுக்கு ஒண்ணு அடி" என்றார். ஒருமுறை மூன்று கால் ஸ்டாண்டோடு நின்ற இரண்டு பேரை, மேம்பாலத்துக்கு அளக்க வந்தவர்கள் என்று துரத்தினார். அவர்கள் கல்யாணப் போட்டோ எடுக்க வந்தவர்கள். பின்னாலேயே மாப்பிள்ளையும் ஓடினார்.

அப்புறம்தான் அந்த விடுதி வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் குறைந்த வாடகையில் நான்கு மாடி, அண்ணாச்சி கடைக்கு நேர் பின்னால். நான் அப்போது தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். இந்த ஊரில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகை என் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். விடுதி பற்றிக் கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்து சொல்லத் தொடங்கினார். "இந்தக் கட்டடம் இங்க வரப்பிடாது. இருக்கிற சின்னக் குழாய்த் தண்ணி தெருவுக்கே பத்தல..."

இரண்டு வரிக்குமேல் கை ஓடவில்லை.

"என்ன பிள்ள, நிறுத்திட்ட?"

"நான் அதுல ரூமுக்கு எழுதிப் போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அது வேற, இது வேற. நீ அடி."

அடித்தேன். ஒரு பிழையும் விடாமல் அடித்தேன். ஆத்திரம் வந்தால் எனக்குப் பிழை வராது.

பள்ளிக்கூட மண்டபத்தில் மாநகராட்சி அதிகாரி நடத்திய கருத்துக் கேட்கும் கூட்டம். எதிர்ப்பவர்கள்தான் முன்வரிசை முழுக்க. கடைசி வரிசையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், துணிக்கடையிலும் ஓட்டலிலும் வேலை பார்ப்பவர்கள். அதே தெருவிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் முதலில் எழுந்தார்.

"நாங்க ஃபேமிலியா வீடெடுத்துத் தாமசிக்கிற இடம். கடையில நிக்கிற பெண்ணுங்க, எங்கிருந்தோ வர்றவங்க. கண்ட நேரத்துக்கு வருவாங்க, போவாங்க. தெருவோட பேரு என்னாகும்?"

முன்வரிசை கை தட்டியது. என் பக்கத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து அண்ணாச்சி. மனுவைப் பிரித்தார், படிக்கவில்லை. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு செயலாளரை.

"இப்போ இவர் பறஞ்சதுக்கு நான் ஆட்சேபணை."

முன்வரிசையில் யாரோ, "அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமல்லே?" என்றார்.

"பைப்புக்கு நான் உங்க பக்கம். இதுக்கு இல்ல. அந்தப் பிள்ள எட்டு வருஷமா ரயில்ல வந்து என் மனுவ அடிக்குது. அது இங்க தாமசிச்சா தெருவோட பேரு எப்படிக் கெடும்? சொல்லும்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து அண்ணாச்சியை நோக்கி வர, இரண்டு பேர் அந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அதிகாரி பேனாவை உயர்த்தினார். "உங்களுக்கு எதிர்ப்பு உண்டோ, இல்லயோ? எனக்கு எழுதணும்."

அண்ணாச்சி மனுவை நாலாக மடித்தார். வாழ்க்கையில் ஒரு எதிர்ப்பையும் வாபஸ் வாங்காத மனுஷன்.

"தண்ணிக் குழாயப் பெருசாப் போடணும். போட்டா, எதிர்ப்பு இல்லன்னு எழுதிக்கிடுங்க."

அதற்குப் பிறகு பல மாதம் அந்தக் குடியிருப்பிலிருந்து அவர் கடைக்கு யாரும் ஒரு வாளிகூட வாங்க வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவுமில்லை. நான் நன்றி சொல்லப் போனபோது, "குழாய் போட்டாச்சான்னு பாத்துட்டு வா" என்றார்.

இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கோடையிலும் தண்ணீர் நிற்பதில்லை. விடுதிக்குப் புதிதாக வரும் பெண்கள் அதிசயப்படுவார்கள். அவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுவேன்.