மூன்றாவது வடிகட்டி

பெரிய பல் சீப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தால் உயிர் போனது. சரி என்று கையை எடுத்தாள். சீப்பு விழவில்லை, காதோரத்தில் அப்படியே தொங்கியது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

கணவன் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தான். "இது புது ஸ்டைலா?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவள் தொழிலே அதுதான். பார்லரில் அவளுக்குச் சுருள் என்றே பெயர். பிறவிச் சுருட்டை. மற்றவர்கள் சூட்டுக் கருவியை வைத்து ஊரார் முடியை நீட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இருக்கிற முடியை இருக்கிறபடியே அழகாக்கிக் காட்டுவாள். அதைப் பார்த்துத்தான் பார்லர் மேடம் இயற்கை முடிக்கென்று தனிப் பிரிவு தொடங்க முடிவு செய்திருந்தார். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்களைக் கூட்டி ஓர் அறிமுகக் கூட்டம். பிரிவின் பொறுப்பு சுருளுக்கா, எதிர் நாற்காலியில் முடி நீட்டுவதால் அயர்ன்பெட்டி என்று பெயரெடுத்தவளுக்கா என்பது அன்றைக்குத் தெரியும்.

மேடம் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். "உன் தலைதான் நமக்கு போர்டு. போர்டு நல்லா இருந்தா பிரிவு உனக்கு."

போர்டு இப்போது சீப்பைக் கவ்விக்கொண்டு நின்றது.

இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்தே முடி ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை. செய்முறையில் அவள் ஒரு குறையும் வைப்பதில்லை. ஒற்றை முடியை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கும். ஓடுகள் படிந்திருந்தால் வெளிச்சம் வழுக்கிப் பளபளக்கும். ஓடுகள் தூக்கிக்கொண்டால் ஒன்றில் ஒன்று மாட்டிச் சிக்காகும், உள்ளே இருக்கும் ஈரமும் ஓடிப்போகும். சுருட்டைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தலையில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு நின்று, பாதியிலேயே களைத்துவிடும். அதனால்தான் நுனி எப்போதும் காய்ந்து கிடக்கிறது.

இதெல்லாம் தெரிந்துதான் அவள் ஷாம்பூவைத் தலைத்தோலோடு நிறுத்துவாள். நுனிக்கு கண்டிஷனர் மட்டும். சிக்கெடுப்பது ஈரத்தில், நுனியில் தொடங்கி மேல்நோக்கி. துவட்டுவது துண்டால் அல்ல, பழைய பனியனால். அதுவும் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. துண்டில் இருக்கும் நூல் வளையங்கள் ஓடுகளைக் கிளப்பிவிடும்.

அத்தனையும் செய்தும் சீப்பு தொங்குகிறது.

வாய் கொப்பளித்துவிட்டு வந்த கணவன் ஒரு முடியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஓட்டல்களில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் அவன். எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு டிரம் சுற்றிக்கொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றும்.

"தண்ணிதான்," என்றான். "உப்புத் தண்ணி. மெஷின் டிரம்முல வெள்ளையாப் படியுமே, அதேதான் உன் தலையிலயும் படியுது. நீ ஷாம்பூவை மாத்தி என்ன பண்ண? தண்ணிய மாத்தணும்."

அன்றே ஒரு வடிகட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மொட்டைமாடிக்குப் போனான். கீழே ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரே மோட்டார். மேலே இவர்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஆளுக்கொரு தொட்டி. எது நம்முடையது என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்பது அவன் வழக்கமும் இல்லை. தன் குளியலறைக்கு நேர் மேலே எந்தத் தொட்டி நிற்கிறது என்று காலால் அளந்து, அதற்குத் தண்ணீர் ஏறும் குழாயை அறுத்து வடிகட்டியைப் பொருத்தினான். உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வருவது மெத்தென்று இருக்கும் என்று அங்கே துணி உலர்த்த வந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் விளக்கிச் சொன்னான்.

எதிர்வீட்டு அக்கா கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவர். கையில் எப்போதும் ரப்பர் பேண்டு இருக்கும். வேலை முடிந்தால் அதுவே கொண்டைக்கு. அவர் முடியும் சுருட்டைதான், ஆனால் பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருள் மாதிரி. சுருள் அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த அக்காவின் தொட்டியைத் திறந்து பார்த்த கணவன் பாசியைக் கண்டு பதறிவிட்டான். வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி, அது எப்படிக் கிருமியைக் கொல்கிறது என்றும் பாடம் எடுத்துவிட்டுத்தான் இறங்கி வந்தான். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அக்கா அன்றைக்கே ஒரு கை அள்ளிப் போட்டார்.

சுருள் ஆசையாகத் தலைக்கு ஊற்றினாள். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தாள். வைக்கோல்.

"புதுசா ஒரு வாசனை வேற வருதே," என்றாள்.

"புது ஃபில்டர்னா வாசனை வராம இருக்குமா? ரெண்டு தடவை ஓடினா போயிடும்."

முடிக்கு ஈரம் போதவில்லை என்று அவள் கண்டிஷனரை இரட்டிப்பாக்கினாள். அது மேலே மெழுகு மாதிரி படிந்ததே தவிர உள்ளே போகவில்லை. படிந்ததை எடுக்கக் கடுமையான ஷாம்பூ போட்டாள். அது மிச்சமிருந்த எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போனது. பார்லரில் ஒருமுறை அலசிப் பார்க்கலாம் என்றால், வேலை செய்கிறவர்கள் அலசும் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். நுனிகள் மெல்லச் செம்பட்டையாகின. அயர்ன்பெட்டி பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள்.

"ஏண்டி, தினமும் நீச்சல் குளத்துல குதிச்சுட்டா வேலைக்கு வர்ற?"

இதற்கிடையில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போன சுருள், அங்கே யாரோ ஒரு பெண் முதுகு காட்டி நின்று தலை உலர்த்துவதைப் பார்த்தாள். தோளில் சுருள்சுருளாக, மினுமினுவென்று, ஒவ்வொரு சுருளும் விரலில் சுற்றி விட்ட மாதிரி. யாராக இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு அக்கா.

அவள் நேரே அவரிடம் போனாள். தலைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"குளிக்கிற சோப்புதான்மா."

"சோப்பா? தலைக்கா?"

"உடம்புக்கு ஒண்ணு தலைக்கு ஒண்ணுன்னு வச்சுக்க எனக்கு ஏது நேரம்?"

சோப்பு ஓடுகளைக் கிளப்பிவிடும் என்று அவள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். அந்தப் பாடமெல்லாம் மொட்டைமாடியில் மினுமினுத்துக்கொண்டு நின்றது. அக்கா எதையோ மறைக்கிறார் என்று ஒரு நாள் சந்தேகப்பட்டாள். மறுநாள், தான் படித்ததுதான் தப்போ என்று சந்தேகப்பட்டாள். அதற்கும் மறுநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோப்பை எடுத்துத் தலையில் தேய்த்தாள்.

சோப்பு நுரைக்கவே இல்லை. பசையாகி, தலையோடு ஒட்டிக்கொண்டது. பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். கணவன் கதவைத் தட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க," என்றாள். கடைசியில் திட்டுத் திட்டான தலையோடு கதவைத் திறந்தாள்.

அவன் விவரம் கேட்டதும் தெளிவாகிவிட்டான். சோப்பு திரிகிறதென்றால் உப்பு இன்னும் இருக்கிறது. ஒரு வடிகட்டி போதவில்லை. முதல் வடிகட்டிக்குப் பின்னால் இரண்டாவதைப் பொருத்தினான். அப்படியே எதிர்வீட்டு அக்காவின் தொட்டியையும் திறந்து பார்த்து, பாசியே இல்லை, சொன்னதை ஒழுங்காகச் செய்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று பாராட்டினான். பாராட்டைக் கேட்ட அக்கா அடுத்த தடவை இரண்டு கை போட்டார்.

அக்காவின் முடி இன்னும் மினுங்கியது. சுருளின் முடி நுனியில் நூல்நூலாக உடைய ஆரம்பித்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மேடம் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு இதையா காட்டப்போற?" என்று மட்டும் கேட்டார். அயர்ன்பெட்டி கருவியைச் சூடேற்றி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கொடுத்தால் நீட்டி விடுகிறேன் என்று பரிவோடு சொன்னாள். அந்தப் பரிவைத்தான் சுருளால் தாங்க முடியவில்லை.

"என் தலை வேண்டாம் மேடம். வேற தலை கொண்டு வரேன்," என்றாள்.

எதிர்வீட்டு அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனாள். வீட்டிலேயே குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ரப்பர் பேண்டை அவிழ்த்தாள். கூட்டத்தின் முன் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். விரலால் நுனியிலிருந்து சிக்கெடுத்தாள்; சிக்கே இல்லை. ஈரம் சொட்டும்போதே ஜெல்லைத் தடவி, உள்ளங்கையில் முடியை ஏந்தி மேல்நோக்கிக் கசக்கினாள். பனியனால் ஒற்றினாள். காய்கிறவரை யாரும் தொடக் கூடாது, தொட்டால் சுருள் பிரிந்து பறக்கும் என்று சொன்னாள். காய்ந்ததும் ஜெல்லின் மொறுமொறுப்பைக் கையால் உடைத்துவிட்டாள். அக்காவின் தலை பூத்துக்கொண்டு நின்றது. கூட்டம் கைதட்டியது.

வாடிக்கையாளர் ஒருத்தி எழுந்து, இதன் ரகசியம் என்ன என்று அக்காவிடமே கேட்டாள்.

"தண்ணி ஊத்திக்குவேன். அவ்வளவுதான்," என்றார் அக்கா.

நகைச்சுவை உணர்வுள்ள பெண்மணி என்று எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். கூட்டம் கலைந்ததும் சுருளைத் தனியே கூப்பிட்டார். பிரிவு உனக்குத்தான், ஆனால் ஒரு மாதத்துக்குள் உன் தலை அந்த அம்மாவின் தலை மாதிரி ஆக வேண்டும், இல்லையென்றால் அயர்ன்பெட்டிக்குப் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். படித்தது சரி, செய்தது சரி, தண்ணீரும் சரி. தலை மட்டும் தப்பு. ஒருவேளை சில தலைகளுக்கு ராசியே இல்லையோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள்.

கணவன் விடுவதாக இல்லை. ஓட்டல் லாண்டரிக்கு மாட்டுகிற ஆளுயர வடிகட்டி ஒன்றை வரவழைத்தான். அதைத் தனியாகத் தூக்க முடியாமல் முதல்முறையாக ஒரு பிளம்பரைக் கூப்பிட்டான். மேலே வெகுநேரம் தட்டும் சத்தமும் திருகும் சத்தமும் கேட்டன. பிளம்பர் கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, அவள் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று கணவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாட்டியாச்சுண்ணே, நல்லாவே வேலை செய்யுது. ஆனா தொட்டியிலருந்து இறங்குற குழாய் ரெண்டும் குறுக்கால மாறித்தானே போகுது, எதிர்வீட்டுக்குத் தண்ணி போற தொட்டிக்கு எதுக்கு நீங்க மூணு ஃபில்டர் மாட்டியிருக்கீங்க?"