டப்பா பாயும் யாருக்கும் கிடைக்காத டப்பாவும்

தான் ஒளித்துவைத்த பொருளை யாராவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்ட மனிதர், நானறிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் டப்பா பாய். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. ஆதார் அட்டையைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

கடலூரில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அவருடைய ஜெராக்ஸ் கடை. நான் அப்போது ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். ஜூனியர் என்றால் பாதி நாள் ஜெராக்ஸ் கடையில் நிற்பவள் என்று பொருள். முதல் நாள் நான் போனபோது பாய் சுண்டுவிரல் நகமளவு காகிதம் ஒன்றை இடுக்கியால் பிடித்து, லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் அது?"

"கையெழுத்து நோட்டு வக்கீலம்மா."

"லேமினேட் பண்ணிட்டா அதுல எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

பாய் மெஷினை நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் ஒரு வக்கீல் வேணுங்கறது" என்றார். அன்றிலிருந்து நான் அவருடைய சட்ட ஆலோசகர் ஆனேன்.

துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் ஒரு ஜெர்மன் இன்ஜினியர் அவருக்குத் தொற்றவைத்த பழக்கம் இது. ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது.

"அப்புறம் எதுக்கு பாய் தேடறாங்க?"

"நீங்க எதுக்கு கோர்ட்டுக்குப் போறீங்க? தீர்ப்பு கெடைக்குதுன்னா?"

நான் என் நகல்களை எண்ணத் தொடங்கினேன்.

பாய்க்கு விளையாட்டைவிட அதன் சாதனைகளில்தான் பைத்தியம். எவனோ ஒருவன் வாய்தா நகலுக்காகக் காத்து நிற்பான். பாய் அவனிடம், "விண்வெளி நிலையத்துல ஒரு டப்பா இருக்கு தம்பி, தெரியுமா? கடலுக்கு அடியில, மனுசன் நீந்திப் போகவே முடியாத ஆழத்துல ஒண்ணு கெடக்கு. ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல கண்டுபிடிச்ச ஆளுங்க இருக்காங்க. நம்ம கடலூர்ல என்ன இருக்கு?" என்பார். வாய்தாக்காரன் நகலை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவான். கடலூருக்காக பாய் ஒருவரே வெட்கப்படுவார்.

அந்தக் குறையைத் தீர்க்க அவரே இறங்கினார். முதல் டப்பாவை ஒரு தெருமுனை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில், நாலு கோலிக்குண்டு, ஒரு குட்டி பொம்மை. மறுநாள் அந்தத் தெருவே கூடி நின்றது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. பொம்மையைப் பார்த்ததும் எதிர்வீட்டம்மா மயக்கமே போட்டுவிட்டார். பாய் ஓடிப்போய் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் டப்பாவுக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, கெடிலம் ஆற்றில் விட்டுவிட்டார்கள்.

"அட்சரேகை மாறிக்கிட்டே போவுதே வக்கீலம்மா" என்று பாலத்தில் நின்று புலம்பினார்.

அடுத்தது, மாவட்டத்திலேயே உயரமான டப்பா. கடலூரில் உயரத்துக்கு எங்கே போவது? திருவந்திபுரத்தில் ஒரு சின்ன மலை உண்டு. கோயில் இடத்தில் வைப்பது மரியாதை இல்லை என்று, அதற்கப்பால் தெரிந்தவர் தோட்டத்து மேட்டில், ஒரு பாறை இடுக்கில் வைத்தார். மூன்றாம் நாள் ஒரு குரங்கு அதை எடுத்து, திறந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்து, பென்சிலைக் கடித்துத் துப்பியது. தோட்டக்காரர் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். அதை என்னிடம் காட்டினார் பாய்.

"முதல் ஆள் கண்டுபிடிச்சாச்சே பாய், வாழ்த்துகள்" என்றேன்.

அவர் தீவிரமாக யோசித்தார். "செல்லாது. நோட்ட தொறந்துச்சு, பென்சிலையும் எடுத்துச்சு. ஆனா கையெழுத்துப் போடல. கையெழுத்து இல்லன்னா கண்டுபிடிச்சதா ஆவாது."

எந்த இடத்தையும் ஊர்ப்பெயரால் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மகள் நிக்காஹ் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் போடாமல் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் அச்சிட்டார். அச்சகத்தில் ஒரு எண் மாறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்று நேராகச் சில்வர் பீச் மணலில் போய் நின்றது. அங்கிருந்து பாய்க்குப் போன் வந்தது: "மாமா, இதுக்கு மேல கடலுதான் இருக்கு. மண்டபம் உள்ளாரயா?"

அதன்பிறகு ஒரு மாதம் அவருடைய மனைவி ஜுனைதா அக்கா அவரோடு பேசவில்லை. பாய் அந்த ஒரு மாதத்தைத்தான் தன் பெரிய டப்பாவுக்குத் திட்டம் போடப் பயன்படுத்திக்கொண்டார்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு டப்பாவுக்கும் கஷ்டத்தை அளந்து மதிப்பெண் தருவார்கள். தேடும் கஷ்டம் ஒன்று, போய்ச் சேரும் கஷ்டம் ஒன்று. இரண்டுக்கும் உச்சம் ஐந்து. "அஞ்சுக்கு அஞ்சு வெக்கணும் வக்கீலம்மா" என்று கிளம்பிய பாய், சிதம்பரம் தாண்டி, பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் ஒரு வாய்க்காலைக் கண்டுபிடித்தார். படகில்தான் போக முடியும். எப்போதோ இடிந்துபோன மரப்பாலத்தின் ஒற்றைக் கம்பம் தண்ணீரில் நின்றது. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, அதன் பின்பக்கம், செடி மறைப்பில், தண்ணீர் புகாத டப்பா ஒன்றை நைலான் கயிற்றால் கட்டினார்.

யாரும் வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். பாய்க்கு முதலில் வருத்தம். பிறகு, வருடக்கணக்கில் யார் கையிலும் சிக்காத டப்பாக்களுக்கு உலகத்தில் தனி மவுசு உண்டு என்று படித்தார். அவற்றைத் தேடிக்கொண்டு பிளைட் பிடித்து வருகிறார்களாம். வருத்தம் பெருமையாக மாறியது. கடையில் ஒரு கரும்பலகை தொங்கியது: 'இதுவரை கிடைக்கவில்லை – 412 நாள்'. தினமும் காலையில் எண்ணை மாற்றுவார். கோர்ட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ கேஸ் கட்டு என்று நினைத்து, "நம்மளது எவ்வளவோ தேவல" என்று ஆறுதலோடு போவார்கள்.

"யாராச்சும் வந்து எடுத்துட்டா ரெக்கார்டு போயிடும்" என்பார் பாய். அடுத்த நிமிடமே, "யாருமே வரலன்னா வெச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்பார்.

"வரணும்னும் துஆ கேக்குறாரு, வரக்கூடாதுன்னும் கேக்குறாரு. எதுக்கு ஆமீன் சொல்றதுன்னே வெளங்கல வக்கீலம்மா" என்று ஜுனைதா அக்கா என்னிடம் சொன்னார்.

மாதம் ஒருமுறை பாய் பஸ் ஏறிச் சிதம்பரம் போவார். அங்கிருந்து இன்னொரு பஸ். ஏழுமலை என்பவரின் படகில் வாய்க்காலுக்குப் போய், டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார். திறக்கமாட்டார். திறந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விடும் என்பது அவர் கட்சி. ஒரு புயலில் கரையோரத்துக் கூரையெல்லாம் பறந்தபோதும் டப்பா அசையாமல் அங்கேயே இருந்தது. ஒரு வாரம் கடையில் வேறு பேச்சே இல்லை. "என் முடிச்சு அப்பிடி!" என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட் பியூனுக்குக் கூட அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார்.

சேற்றிலும் முள்ளிலும் விழாத மனிதர், சொந்தக் கடையில் டோனர் மாற்றும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டு. அந்த நேரம் பார்த்து, புதுச்சேரிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் வாய்க்கால் வரை போய்த் தேடிவிட்டு, டப்பா அங்கே இல்லவே இல்லை என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டார். உரிமையாளர் போய்ப் பார்த்து உறுதி செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து மெயில் வந்தது.

நான் பார்க்கப் போனபோது பாய் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை. சாப்பிடவும் இல்லையாம்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன் பாய்" என்றேன்.

"உங்களுக்குப் படகு ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது. போறேன்."

ஏழுமலையின் படகில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர் வற்றிய காலை நேரம். கண்ணைத் திறந்தபோது டப்பா அங்கேதான் இருந்தது. கம்பம்தான் புதிதாகத் தெரிந்தது. நான் கயிற்றை அவிழ்க்கப் போனதும் ஏழுமலை துடுப்பைக் கீழே வைத்தார்.

"தொறக்கப் போறீங்களாம்மா? பாய் தொறக்க மாட்டாரு."

"நான் பாய் இல்லையே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளே நோட்டு தடித்துப்போயிருந்தது. முதல் பக்கத்திலேயே, பாய் டப்பாவை வைத்த நாலாம் நாள் தேதியில், 'ஏழுமலை – பார்த்தேன்' என்று இருந்தது. அதன்கீழ் கோணல்மாணலாக வரிசையாகப் பெயர்கள். 'மூடி சரியா மூடல, மூடினேன்.' 'எறும்பு இருந்துச்சு, தட்டிவுட்டேன்.' 'புயலில் டப்பா கரைக்கு வந்துச்சு. எடுத்து வந்து கட்டினேன், சின்னப்பொண்ணு.' எழுதத் தெரியாதவர்கள் சேற்றில் கட்டைவிரலைத் தொட்டு அழுத்தியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

சின்னப்பொண்ணு அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை கூப்பிட்டதும் பக்கத்தில் வந்தார்.

"அந்த வெள்ளக்காரரு வந்தப்ப பொட்டி எங்க வூட்டுல இருந்துச்சும்மா. பழைய கம்பம் சாஞ்சிடுச்சு. வேற கம்பம் நட்டு மறுநாளே கட்டிட்டோம்."

"இத்தன நாளா பாய்கிட்ட ஏன் சொல்லல?"

"மாசாமாசம் வந்து, யாரும் தொடலன்னு கொழந்த மாரி சந்தோசப்பட்டுட்டுப் போறாரு. அத எப்பிடிம்மா கெடுக்கிறது?"

பழைய நோட்டை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை வைத்துக் கட்டிவிட்டு வந்தேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் அந்த நோட்டு என் மடியில் கனத்தது. வாசலிலேயே ஜுனைதா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லாதீங்க வக்கீலம்மா. டப்பா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. காலு வேற ஒடஞ்சு கெடக்கு, மனசும் ஒடஞ்சிடும்."

அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பாய் என் முகத்தைப் பார்த்து, "இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கண்ணிடம் பாதி உண்மை சொல்ல வாய் வரவில்லை. நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புயல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஜுனைதா அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தார். நான் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"வக்கீலம்மா" என்றார் கடைசியில். "கைநாட்டு செல்லுமா?"

"பத்திரத்துக்கே செல்லுது பாய். டப்பாவுக்குச் செல்லாதா?"

அவர் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு சேற்று ரேகையையும் விரலால் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று வந்ததும் எழுந்து உட்கார முயன்று, வலியில் கத்தி, கத்திக்கொண்டே சிரித்தார்.

"ஏய் ஜுனைதா! மாவட்டத்துலயே ஜாஸ்தி பேரு கண்டுபிடிச்ச டப்பா நம்மளுதுதான்டி!"

பிறகு சட்டென்று அடங்கி, "என் முடிச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கால் சரியானதும் ஒரு தேக்சா பிரியாணியோடு பாய் பிச்சாவரம் போனார். அக்காவும் நானும் கூடப் போனோம். கரையில் நின்று நோட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக, கோர்ட் டவாலி மாதிரி கூப்பிட்டார். வந்தவர்களுக்கு ஒரு தட்டும், இரண்டு கையாலும் ஒரு சலாமும் கொடுத்தார். சின்னப்பொண்ணிடம் மட்டும், "அந்த முடிச்ச கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா" என்றார். நாலு தடவை சொல்லியும் அவருக்கு வரவில்லை. "இறாலுக்குக் கூட இவ்ளோ நேரம் நின்னது இல்ல பாய்" என்று அந்தம்மா அலுத்துக்கொண்டார். அன்று மாலையே இன்டர்நெட்டில் பாய் எழுதிப் போட்டார்: இந்த டப்பாவின் உரிமையாளர்கள் இனி நாற்பத்திரண்டு பேர்.

இப்போது பாயும் அக்காவும் மகளோடு மலேசியாவில் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க பாய் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்தார், எங்கே போனார் என்று கேட்டால் சொல்லவில்லை.

அதனால்தானோ என்னவோ, கடலூரில் ஒரு மரப்பொந்தைக் கண்டால் என் கை தானாக உள்ளே போகிறது. பாம்பு இருக்கும், பூரான் இருக்கும் என்று என் கணவர் சத்தம் போடுகிறார். இருக்கட்டும். எனக்காகவும் ஒன்று வைக்காமலா பாய் ஊரைவிட்டுப் போயிருப்பார்?