அமலியின் மாப்பிள்ளையைப் பாரில் விசாரித்த விதம்

இராயபுரம்,
19.3.2006

அன்புள்ள அக்கா சிலுவையம்மாளுக்குத் தங்கை தேவப்பிரியம் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் மாமாவும் அமலியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் மாமா காதில் விழும் என்பதால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

நீ சொன்ன வேலையை நேற்றுச் சாயங்காலம் முடித்தேன். அமலிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைப் பையன் டெரன்ஸ் பேங்க் வேலை போக சனிக்கிழமைகளில் மவுண்ட் ரோடு ஹோட்டல் பார் ஒன்றில் வினாடி வினா நடத்துகிறான், பாரில் நிற்கிறவன் குடிக்காமலா இருப்பான், நேரில் பார்த்துவிட்டு வா என்றாய். நீ மாமாவோடு கழித்த இருபத்தாறு வருஷம் எனக்குத் தெரியும். அது அமலிக்கும் வரக் கூடாது. அதனால்தான் தவக்காலம் என்றும் பாராமல் போனேன். அங்கே வேடிக்கை பார்க்க இடமில்லை, மூன்று பேராகச் சேர்ந்து போட்டி போட வேண்டும் என்றார்கள். என்னோடு ஆபீசில் டைப் அடிக்கும் ஜீனத்தையும் கீழ்வீட்டுப் பூவம்மாவையும் கூட்டிக்கொண்டேன். பூவம்மா காசிமேட்டில் இருபது வருஷம் மீன் ஏலம் கூவியவள். அவளுக்கு ரகசியம் பேசும் குரல் கிடையாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கன்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோ ஒன்றரை மணி நேரம் நின்றது. நான் இறங்கும்போதே பாதி செத்திருந்தேன். உள்ளே கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், நடுவில் மைக்கோடு டெரன்ஸ். போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு, நல்ல உயரம். பக்கத்தில் ஒரு கிளாஸ். அதில் இருப்பது வெறும் தண்ணியா வேறு எதுவாவதா என்று மூன்று பேரும் கேள்விகளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நண்டுக்கு எத்தனை கால் என்று டெரன்ஸ் கேட்டான். பூவம்மா என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள், "எட்டு." ஹால் முழுக்கக் குனிந்து எழுதியது. பத்து என்று எழுதியிருந்தவர்கள்கூட இவள் மீன்காரி என்று சேலையிலும் குரலிலும் தெரிந்ததும் அடித்து எட்டாக்கினார்கள். விடை பத்து என்றான் டெரன்ஸ்.

"இன்னா நைனா, நண்டுக் கொடுக்கைப் போயி கால்னு சொல்ற? அது கை. உன் கைய யாருனா கால்னு சொன்னா சும்மா இருப்பியா?"

"புத்தகத்துல பத்துன்னுதான் போட்டிருக்குங்க ஆன்ட்டி."

"புக்கு எழுதுனவன நண்டு கிள்ளிகீதா?"

"உக்காரு பூவம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஜீனத் சேலையை இழுத்தாள். பூவம்மா உட்காரவில்லை. வாதாடப் போகிறவள் மாதிரி மேடைக்கே போய், அவன் கிளாஸை எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்து, "வெறும் தண்ணிதாம்மே" என்றாள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் அக்கா, அந்தப் பையன் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, இன்னொரு கிளாஸ் தண்ணி வரவழைத்து, எட்டு என்றவர்களுக்கும் அரை மார்க் என்று அறிவித்தான். நாங்கள் கடைசி இடம். வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நம் வீட்டு ஆண்களில் யாராவது நாலு பேர் முன்னால் ஒரு பொம்பளைக்கு அரை மார்க் விட்டுக்கொடுத்திருக்கிறார்களா? பையன் தங்கம். யோசிக்காமல் தவக்காலம் முடிந்து பாஸ்காவுக்குப் பிறகு ஒரு தேதி குறித்துவிடு.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். அமலிக்கு ஆயிரம் முத்தம். ஆண்டவர் உன் வீட்டு வாசலை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் தங்கை,
தேவப்பிரியம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது டெரன்ஸின் அம்மா வந்துவிட்டார்கள். விடைத்தாளில் பெயர் எழுதச் சொன்னால் ஜீனத் ஆபீஸ் பழக்கத்தில் என் தகப்பனார் பெயர், கதவு எண் வரை எழுதியிருக்கிறாள், அதை வைத்துத்தான் நான் யார் என்று பையனுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்ணின் சித்தி பாரில் பெரிய மக் நிறைய மஞ்சளாக என்னவோ குடித்தாள் என்று பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அது ஆப்பிள் ஜூஸ். நான் வாயைத் திறப்பதற்குள் பூவம்மா மாடியேறி வந்து, "இது எங்க குடிக்கும்? உன் புள்ள குடிக்கிறானான்னு பாக்கத்தான் போனோம்" என்று எனக்காக வாதாடிவிட்டாள். அந்தம்மா கோபப்படவில்லை. "விசாரிக்கிறது நல்லதுதாம்மா. எங்களுக்கும் சீர், நகை எதுவும் வேணாம், குடிக்கிற குடும்பமா இருக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்கள். வியாழக்கிழமை அங்கே வருகிறார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிக்க. அக்கம்பக்கத்தை நீ ஒன்றும் செய்ய முடியாது. மாமாவையாவது எங்காவது அனுப்பிவை.