பேரிக்காய்ப் பெட்டியில் ஓர் ஏரோப்ளேன்

கொடைக்கானலில் விமானம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாயுடுபுரத்தில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து தினமும் காலையில் ஒன்று கிளம்பும். ரன்வே கிடையாது, பயணிகள் கிடையாது, சத்தம் மட்டும்தான். குடிபோன மறுநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் போர்வையோடு வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே மேகம்தான் இருந்தது. சத்தம் வந்தது பக்கத்து அறையிலிருந்து.

அந்த அறைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தேடினால் கிடைக்கலாம். தெருவுக்கு அவர் ஏரோப்ளேன். மூஞ்சிக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவர், குரங்குக் குல்லாயைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வீடு அவருடைய அக்காவுக்குச் சொந்தம். அக்கா பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். இந்த வீட்டை நடுவில் பலகை அடித்துத் தடுத்து, ஒரு பக்கம் தம்பியையும் இன்னொரு பக்கம் என்னையும் வைத்திருந்தார். எனக்கு ஏரிக்குப் பக்கத்து ஹோட்டலில் ரிசர்வேஷன் வேலை. அதாவது, போனில் "கிளைமேட் எப்படி மேடம்?" என்று கேட்பவர்களுக்கு "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லும் வேலை. சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடி எதிர்க்கடை தெரியாது.

இனி, அந்தச் சத்தம். பெங்களூரில் பெரிய கம்பெனிகள் ஓட்டி முடித்துக் கழித்துப்போடும் சர்வர் கம்ப்யூட்டர்களின் பாகங்களை ஏரோப்ளேன் ஒவ்வொன்றாக வரவழைப்பார். பஸ் பார்சலில் போர்டு வரும். அடுத்த மாதம் மெமரி வரும். அது போர்டுக்குப் பொருந்தாது. திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருப்பார். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, இரண்டு பிராசஸர் உட்காரும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டிவிட்டார். அந்த போர்டோ கடையில் விற்கும் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைய மறுத்தது. கடைசியில் பேரிக்காய் அடுக்கும் மரப்பெட்டி ஒன்றில் அதை உட்காரவைத்தார்.

"காத்தோட்டத்தப் பாத்தீங்களா மேடம்? பேரிக்காயே அழுகாது, இதா அழுகப்போவுது?" என்றார்.

அதன் விசிறிகள் சின்னவை. ஆனால் ஊரைக் கூட்டும். சுவிட்சைப் போட்டால் இயந்திரம் உடனே எழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் கத்தும். பிறகு தன் மெமரியையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். அதற்குள் ஏரோப்ளேன் பல் விளக்கி, டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிடுவார்.

"இது கண்ணு முழிக்கிறதுக்குள்ள வத்தலக்குண்டு போய்ட்டு வந்துரலாம் போலயே அண்ணே" என்றேன் ஒருநாள்.

"பெரிய மனுசங்க மெதுவாத்தாங்க எந்திரிப்பாங்க" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

இவ்வளவும் எதற்கு? தூண்பாறைக்காக. எங்கிருந்தெல்லாமோ வந்து, பாறையை மறைத்து வெள்ளையாகக் கிடக்கும் மேகத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பும் ஜனங்களைப் பார்த்து அவர் மனம் கசிந்திருக்கிறது. மேகம் எத்தனை மணிக்கு விலகும், பாறை எத்தனை மணிக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகுமே என்று நினைத்தார். இன்டர்நெட்டிலிருந்து காற்று, ஈரம், வெயில் என்று என்னென்னவோ இறக்கி அந்தப் பெட்டிக்குள் கொட்டுவார்.

கணக்கு நன்றாகத்தான் வந்தது. ஒரே ஒரு குறை. இன்றைய கணக்கைப் போட்டு முடிக்க அதற்கு நாளை வரை பிடித்தது.

"மேடம், நேத்து மூணு மணிக்கு மேகம் வெலகியிருக்கணும். வெலகுச்சா?" என்று பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். வெறுப்பாக இருக்கும், ஆனால் உண்மையிலேயே விலகியிருக்கும். "பாத்தீங்களா!" என்று ஒரு சந்தோஷக் குரல் வரும். நேற்று வந்துபோனவர்களை எங்கே தேடிப் பிடித்து இதைச் சொல்வது என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

பொறுத்துப் பார்த்து ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். பூண்டு விற்க வந்த அக்கா நேராகத் தம்பி அறைக்குப் போனார். அக்காவின் குரலுக்கு முன்னால் அந்த விசிறிகள் எம்மாத்திரம்!

"ஏலே, இதென்ன சோலிடா? வாடகைக்கு இருக்குற புள்ள தூங்க முடியலங்குது. அடுத்த தடவ நான் வாரப்ப இந்த இரும்பு இங்க கெடக்கக் கூடாது. பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வேலயப் பாரு."

"அக்கா, இது உருப்படியா ஒண்ணு செய்யும்க்கா. கொஞ்சம் பொறு."

"ஒண்ணே ஒண்ணு செய்யட்டும். அப்பறம் பேசுவோம்."

ஏரோப்ளேனின் முகம் செத்துப்போனது. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதையும் மனம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

அக்காவின் அடுத்த தடவை ஐப்பசி மழையில் வந்தது. பூம்பாறையில் விதைப்பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாய்க் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு வைப்பார்கள். புகையும் சூடும் பட்டு, அடுத்த நடவு வரை கெடாமல் கிடக்கும். காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து அக்கா வீட்டுக் கூரையில் விழுந்து, அடுப்பு நனைந்து, பூண்டும் நனைந்துவிட்டது. அந்த விதை அழுகினால் அடுத்த போகத்துக்கு நிலம் சும்மா கிடக்க வேண்டியதுதான். அக்கா மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

கொடைக்கானல் மழையில் எங்கள் தெருவில் எதுவும் காயாது. துவைத்த துணி போன வாரத்து ஈரத்தையே ஞாபகம் வைத்திருக்கும். அக்கா என் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். தம்பி அறைக்குள் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். அக்கா பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏலே, வெக்கையா அடிக்குதே! வெரசாக் கயிறக் கொண்டா."

ஏரோப்ளேன் வாயைத் திறப்பதற்குள் கொடி கட்டியாகிவிட்டது. பெட்டியின் பின்பக்கம் முழுக்கப் பூண்டுக் கொத்துகள். பெங்களூரில் எந்தெந்த கம்பெனிக் கணக்கையெல்லாமோ பார்த்த கருவி, பூம்பாறைப் பூண்டுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளனே அக்கா சத்தம்போட்டார். "ஏன்டா அணைஞ்சுபோச்சு?"

"அணையலக்கா. மழைல இன்டர்நெட் படுத்துருச்சு. கணக்கு இல்ல. வேல இல்லேன்னா இது சூடாகாது."

"அப்ப வேலயக் குடு."

தலையைச் சொறிந்தபடி ஏதோ தட்டினார். விசிறிகள் மறுபடி கத்தத் தொடங்கின.

"இப்ப என்ன வேல பாக்குது?"

"எதாலயும் வகுபடாத எண்ணு இருக்குல்லக்கா, அதத் தேடுது."

"கெடச்சா?"

"அடுத்ததத் தேடும்."

"எப்ப முடியும்?"

"முடியவே முடியாதுக்கா."

"அதான்டா நல்ல சோலி" என்றார் அக்கா, முதல்முறையாகத் தம்பியைப் பார்த்துச் சிரித்து.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணே, ஒரு ரூம் ஹீட்டர் வாங்கி வச்சா இதே சூடு வருமே? சத்தமும் இருக்காதே?" என்றேன்.

ஏரோப்ளேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹீட்டருக்குக் கணக்குப் போடத் தெரியுமா மேடம்?"

மழை நிற்கும்வரை அந்த ஏரோப்ளேன் இறங்கவேயில்லை. அக்கா அதற்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். பூம்பாறைக் காற்றுக்கு இது தேவலையாம். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டேன். பலகை இடுக்கு வழியாக வரும் அனலில் என் சாக்ஸும் யூனிஃபார்ம் சேலையும் நன்றாகக் காய்ந்தன என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பூண்டு காய்ந்து சலசலக்கும் பதத்துக்கு வந்த அன்று பூண்டு வறுபடுகிற வாசனை வந்தது. அக்கா ரசம் வைக்கிறார் போல என்று நினைத்தேன். ரசம் இல்லை. பூண்டுச் சருகு பறந்து ஒரு விசிறிக்குள் போய் அடைத்து, விசிறி நின்று, ஒரு பிராசஸர் கருகிவிட்டது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வீடு ஒரேயடியாக அமைதியானது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

மறுநாள் அக்கா பூண்டை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கொத்தை உரித்துப் பார்த்து, "பொகை வாசந்தான் இல்ல. வெத கெடல" என்றார். ஏரோப்ளேன் பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். பூண்டுக் கொடியை அவிழ்த்து, அந்தக் கயிற்றாலேயே பெட்டியை நாலு பக்கமும் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இதக் கட்டி எங்கடா கொண்டு போற?"

"நீதானக்கா சொன்ன, பழைய இரும்புக்குப் போடச் சொல்லி. சொன்னபடி ஒரு நல்ல காரியம் செஞ்சிருச்சு. போதும்."

அக்கா பெட்டியைப் பார்த்தார், தம்பியின் குல்லாயைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். புகார் சொன்னவளே நான்தானே.

"அது பூண்டு கட்டுற கயிறு. அவுத்து என்கிட்டக் குடு" என்றார் அக்கா. "கயிறு இல்லாம இத எப்படிக் கொண்டு போவ? உள்ள கொண்டு போய் வையி."

ஏரோப்ளேன் முடிச்சை அவிழ்க்க முடியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லையாம்.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து வேறு பிராசஸர் பார்சலில் வந்தது. நான் மாற்றலாகி மதுரைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இங்கே சத்தமே இல்லாத ஏசி போட்டுக்கொண்டு தூக்கம் வராமல் புரள்கிறேன். கொடைக்கானலிலிருந்து யாராவது வந்தால் கிளைமேட் எப்படி என்று கேட்பதில்லை. எங்கள் ஏரோப்ளேன் இன்றைக்குக் கிளம்பியதா என்றுதான் கேட்கிறேன்.